முன் படம்

பார்ப்பதற்கு ஆள் இல்லாத வேலையை அந்தப் பெண் தன் பதினைந்தாவது வயதுவரை செய்ததே இல்லை. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் பையை நாற்காலியில் எறிந்துவிட்டு, ஜன்னலோரம் அமர்ந்து காலாட்டிக்கொண்டிருப்பாள். தெருமுனையில் அம்மாவின் வெள்ளைக் குடை தெரிந்தவுடன் எழுந்து துடைப்பத்தைக் கையில் எடுப்பாள். அம்மா மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உள்ளே நுழையும்போது, மகள் நெற்றி வியர்க்கக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். வியர்வை வராத நாள்களில் குழாயடியிலிருந்து இரண்டு துளி எடுத்துக்கொள்வாள். "என் தங்கம்" என்பாள் அம்மா. அந்த இரண்டு சொல் காதில் விழுந்ததும் துடைப்பம் மூலைக்குப் போய்விடும்.

பள்ளியிலும் அப்படியே. ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் அவள் கை உயர்ந்திருக்கும். குழுப்படம் எடுக்கும் நாளில் அவள் நடுவில் இருப்பாள். கூடப் படித்தவர்கள் அவளுக்கு 'முன்வரிசை' என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

ஆகவே, மாணவர்கள் தாமாக முன்வந்து ஒரு வகுப்பறையைச் சுத்தம் செய்து சீரமைக்க வேண்டும், வட்டாரத்திலேயே சிறந்த அறைக்குக் கேடயம் உண்டு என்று தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் அறிவித்தபோது, முதலில் உயர்ந்த கை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. கல்வி அலுவலகம் விதித்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வேலை தொடங்குவதற்கு முன் ஒரு படம், முடிந்த பின் ஒரு படம். இரண்டும் ஒரே மூலையில் நின்று எடுத்தவையாக இருக்க வேண்டும். அந்த இரண்டு படங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண்.

மேல்மாடியின் கடைசி அறை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் வருவதாக ஏற்பாடு. முன் படம் எடுப்பதற்காக மூன்று பேர் மட்டும் எட்டரைக்கே வந்தார்கள். ஒருத்தி முன்வரிசை. இன்னொருவன் படக்காரன், அவன் மாமா புகைப்படக் கடை வைத்திருந்தார், கேமரா கடன் கிடைக்கும். மூன்றாமவள் பஞ்சு என்று அழைக்கப்பட்டவள். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அந்தப் பக்கம் போகிற பெண் என்பதால் அந்தப் பெயர்.

கதவைத் திறந்த முன்வரிசை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா இது?"

"ரூம்தான்" என்றான் படக்காரன்.

"அது தெரியுது. குப்பை எங்க?"

"நேத்து சாயங்காலம் ஈரத்துணி பெருக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் பஞ்சு.

ஈரத்துணி என்பது பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் பெண்மணிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். இடது தோளில் எப்போதும் ஒரு ஈரத்துணி கிடக்கும். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பள்ளியின் தூசி அவளுக்குத்தான் பயந்தது. மரத்தூளை நனைத்துத் தரையில் தூவிய பிறகே பெருக்குவாள், தூசி கிளம்பாமல் இருக்க. ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளுக்கென்று தேய்ந்த பல் துலக்கும் பிரஷ் ஒன்று வைத்திருந்தாள். நேரில் அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகள், முதுகுக்குப் பின்னால் அவளை 'அது' என்றே பேசின.

அறை பழையதுதான். சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. கரும்பலகை வெளுத்துச் சாம்பல் பலகையாகியிருந்தது. ஒரு ஜன்னலில் கண்ணாடி இல்லாமல் அட்டை ஒட்டியிருந்தது. ஆனால் விரல் வைத்துப் பார்த்தால் விரல் விரலாகவே திரும்பி வந்தது. படக்காரன் ஒரு படம் எடுத்து, கேமராவின் சிறு திரையை அவளிடம் நீட்டினான்.

"பழைய ரூம். அவ்வளவுதான் தெரியுது. இதுக்குப் பெயின்ட் அடிச்சா, பெயின்ட் அடிச்ச பழைய ரூம். ஷீல்டு இல்ல, ஒரு டம்ளர்கூடக் கிடைக்காது."

முன்வரிசை அந்தத் திரையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் அழுக்குப் பண்ணுவோமா?" என்றாள்.

"அய்யோ" என்றாள் பஞ்சு.

"நாமதானே திரும்பத் துடைக்கப் போறோம்? யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லாத தவறு என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக நம்புவதற்குப் பதினைந்து வயது ஏற்ற வயது. ஐம்பதிலும் சிலர் நம்புகிறார்கள்.

ஈரத்துணி பின்கட்டில் குப்பைத் தொட்டி அருகே வாளிகளைக் கவிழ்த்துக் கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தத் தொட்டிக் குப்பை எங்களுக்கு வேணும்."

"குப்பையா? எதுக்கு பாப்பா?"

"அறிவியல் பாடம். மக்குறது, மக்காததுன்னு பிரிக்கணும்."

"நல்ல பாடம்தான். பதினோரு வருஷமா நானும் அதைத்தான் படிக்கிறேன், ஒருத்தரும் பாஸ் போட மாட்டேங்கிறாங்க." சொல்லிக்கொண்டே குனிந்து தொட்டிக்குள் கைவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தாள். "இரு இரு. கையைக் கிழிச்சுக்கிட்டா உங்கம்மா என்னைத்தான் கேப்பாங்க."

மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கிழிந்த தாள்கள், பென்சில் சீவல், பழத்தோல், சாக்கட்டித் தூள், காலி மைப்புட்டி. சைக்கிள் சங்கிலியின் கறுப்பு எண்ணெயைத் துணியில் தோய்த்து பெஞ்சுகளில் இழுத்தார்கள். சேற்றில் மிதித்த தன் ஷூக்களைக் கழற்றி இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்ட படக்காரன், பெஞ்சின் மேல் ஏறிச் சுவரெங்கும் நடந்தான், கைகளால். பஞ்சுவே சிரித்துவிட்டாள். அட்டையைக் கிழித்து ஜன்னலில் தொங்கவிடலாம் என்ற யோசனை அவளுடையது. பிறகு மூலையில் நின்று முன் படம் எடுத்தார்கள். பார்த்தால் குமட்டும் படம். அருமையாக வந்திருந்தது.

ஒரு குளத்தில் ஒரு கொக்கும் சில நத்தைகளும் இருந்தனவாம். நத்தைகள் இரவும் பகலும் பாசியைத் தின்றதால் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. காட்டுக்கே தன்னை நல்லவன் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்ட கொக்கு, ஒரு காலையில் காலால் சேற்றைக் கிளறிவிட்டு விலங்குகளைக் கூப்பிட்டது: "பாருங்கள், எவ்வளவு அசிங்கம்." மாலைவரை சும்மா நின்றது. சேறு தானே அடங்கியது. மறுபடி கூப்பிட்டது: "பாருங்கள், எவ்வளவு சுத்தம்." கொக்கைப் பாராட்டிய விலங்குகள், இத்தனை நாள் குளத்தைச் சேறாக்கியவை யார் என்று தேடினவாம். சேற்றில் ஊர்ந்துகொண்டிருந்தவை நத்தைகள்தாம். கொக்குக்காவது சேறு தானே அடங்கியது. நம் மூவருக்கு அந்த வசதியும் இல்லை.

பத்து மணிக்கு மற்ற ஒன்பது பேர் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். குப்பை போயிற்று, சங்கிலி எண்ணெய் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் படர்ந்தது. பதினோரு மணிக்கெல்லாம் தொண்டு உள்ளம் சோர்ந்துவிட்டது. கீழே போய் ஈரத்துணியை அழைத்து வந்தார்கள். அவள் உள்ளே வந்து, பெஞ்சைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"சுவத்துல யாரு நடந்தது?"

"பல்லி" என்றான் படக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒன்பதாம் நம்பர் ஷூ போட்ட பல்லியா?" என்றாள் அவள். சோடாத் தூளும் வெந்நீரும் கொண்டுவந்து, முழங்காலிட்டு, பிற்பகல் இரண்டு மணிவரை தேய்த்தாள். எண்ணெய் அவள் நகக்கண்களுக்குக் குடிபெயர்ந்தது. வேலைநேரப் படம் ஒன்று எடுக்கலாம் என்று எல்லாரும் வாளியும் கையுமாக நின்றபோது முன்வரிசை சொன்னாள்:

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க. படத்துல விழுறீங்க."

மூன்று சனிக்கிழமைகள். சுவருக்கு வெளிர்நீலம், கரும்பலகைக்குப் புதுக் கறுப்பு, ஜன்னலுக்குக் கண்ணாடி. அந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். அதை மறுப்பது நியாயமில்லை. முன்வரிசை நடுவில் நிற்க, பின் படம் எடுத்தார்கள். கேடயம் வந்தது.

கேடயத்தோடு கல்வி அலுவலரும் வந்தார். பெரிதாக்கி மாட்டியிருந்த இரண்டு படங்களின் முன்னே நின்று, முன்வரிசையின் தோளில் தட்டினார். பிறகு முன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியரிடம் தணிந்த குரலில் கேட்டார்: "இந்தப் பள்ளிக்கூடத்துல பெருக்குறதுக்கு ஆள் இல்லையா?"

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறைக்கு இருவர் அழைக்கப்பட்டார்கள். ஒருத்தி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மற்றவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பதினோரு வருஷம் சம்பளம் வாங்கி, ஒரு ரூமை இந்த லட்சணத்துல வெச்சிருந்திருக்க" என்றார் அவர், படத்தைக் காட்டி.

ஈரத்துணி படத்தின் அருகில் போய்ப் பார்த்தாள். "ஐயா, இது நான் குடுத்த குப்பை. கண்ணாடித் துண்டையெல்லாம் எடுத்துட்டு, என் கையால இந்தப் பாப்பாகிட்ட குடுத்தேன். பாடத்துக்குன்னு கேட்டாங்க. முந்தின நாள் சாயங்காலம் அந்த ரூமைத் துடைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்." பிறகு முன்வரிசையின் பக்கம் திரும்பினாள். "சொல்லு பாப்பா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றைப் பரிமாறுகிறவள் முன்வரிசையாக இருந்தால் மறைத்துவிடலாம்.

"இல்ல சார்" என்றாள் அவள். "நாங்க போனப்ப அப்படித்தான் இருந்துச்சு."

ஈரத்துணி அவளை ஒரு கணம் பார்த்தாள். தோளில் இருந்த துணியை எடுத்து மடித்தாள். அன்று மதியமே அவள் கணக்கு முடிக்கப்பட்டது.

அடுத்த வாரம் செய்தித்தாளில் இரண்டு படங்களும் வந்தன. கீழே, 'பணியாளரின் அலட்சியத்தால் பாழடைந்த அறை மாணவர்களின் தொண்டால் மலர்ந்தது' என்று நான்கு வரி. பள்ளியில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. மாணவர்களே இவ்வளவு சிறப்பாகச் சுத்தம் செய்யும்போது தனியாக ஆள் எதற்கு? இனி வகுப்புவாரியாக முறை வைத்துப் பெருக்குவார்கள், கழிப்பறை உட்பட. தாமாக முன்வருவது கட்டாயமாக்கப்பட்டது. அதன் பிறகு முன்வரிசையை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. "வந்துட்டாங்க, வாளி மகாராணி" என்றார்கள். அவள் இருக்கையில் ஈரத் துடைப்பம் சாய்த்து வைக்கப்பட்டது. படக்காரனும் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

அதை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

அவள் அம்மா மருத்துவமனையில் வார்டு மேற்பார்வையாளர். துப்புரவுப் பணிக்கு ஆள் எடுப்பது அம்மாவின் பொறுப்பு. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே அம்மா சிரித்தாள்.

"இன்னைக்கு யார் வந்தா தெரியுமா வேலை கேட்டு? உங்க ஸ்கூல்ல பெருக்கிட்டு இருந்தாளே, அவ."

மகளின் கை தட்டிலேயே நின்றது.

"ரெண்டு இடம் காலி. திங்கக்கிழமைக்குள்ள எடுத்தாகணும். பாக்க நல்லா வேலை செய்யுறவ மாதிரிதான் இருந்தா. எங்க வேலை பாத்தேன்னு கேட்டேன், சொன்னா. பேப்பரை எடுத்து அவ முன்னாடியே விரிச்சேன். இதுதானா உன் வேலைன்னு கேட்டேன். அது பொய்யுங்க மேடம்ங்கிறா. பேங்க்லயும் லாட்ஜ்லயும் இதே பேப்பரைக் காட்டித்தான் துரத்தினாங்களாம். துரத்தாம? நான் சொன்னேன், இதுல நடுவுல நிக்கிறது என் பொண்ணு, என் பொண்ணு பொய் சொல்லுவாளான்னு."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'இது உங்க பொண்ணா'ன்னு கேட்டா. என்னை ஒரு பார்வை பாத்தா. சிரிச்சுட்டுப் போயிட்டா. எவ்வளவு திமிர் பாரு." அம்மா அவள் தலையைத் தடவினாள். "என் தங்கம். சாப்பிடு."

அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே தலைமையாசிரியர் அறையில் நின்றாள். நாங்கள்தான் குப்பையைக் கொட்டினோம் என்று சொல்லி முடிப்பதற்குள் நாக்கு மூன்று முறை வறண்டது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?"

அவள் நிமிர்ந்தாள்.

"தினம் காலையில எல்லா ரூமையும் சுத்தி வர்றவன் நான். அந்த ரூம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா?" அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "ஆபீசர் கேட்டாரு. ஒண்ணு, ஸ்கூல் ஏமாத்துச்சுன்னு சொல்லணும். இல்ல, அவ ஏமாத்தினான்னு சொல்லணும். நீயே எனக்கு வழி காட்டின. இப்ப வந்து வழியை அடைக்காத. போ, மணி அடிக்கப் போறாங்க."

படக்காரனை மாடிப்படியில் பிடித்தாள். "நீயும் வந்து சொல்லுடா."

"நான் எதைச் சொன்னேன், இப்ப மாத்திச் சொல்றதுக்கு? சார் கேட்டது உன்னை. சொன்னது நீ. நான் படம்தான் எடுத்தேன்." பஞ்சு அப்போது அவன் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னும் ஒருத்தியும் தேறல. ரெண்டு இடமும் அப்படியே கிடக்கு" என்று அலுத்துக்கொண்டு படியிறங்கினாள். குடை தெருமுனையில் மறைந்ததும் மகள் கதவைப் பூட்டினாள்.

பழைய புட்டி வாங்கும் கிடங்கின் பின்புறம் ஈரத்துணியின் வீடு இருந்தது. வாசலில் ஒரு பெரிய தொட்டி நிறையப் புட்டிகள் ஊறிக்கொண்டிருந்தன. அவள் முக்காலியில் அமர்ந்து, ஊறியவற்றை எடுத்து ஒட்டுத்தாள்களை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். விரல்களில் துணிச் சுற்று. இங்கே கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக் கொடுக்க யாரும் இல்லை. வந்திருப்பவள் யார் என்று பார்த்துவிட்டு அடுத்த புட்டியை எடுத்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சு?"

முன்வரிசை தொட்டிக்கு அருகே ஓர் அடி வந்தாள்.

"மன்னிப்பை வெச்சு நான் என்ன பாப்பா பண்றது? இந்தத் தொட்டியில ஊற வைக்கவா? உனக்கு மனசு அரிக்குது, சொறிஞ்சுக்க என் வீட்டுக்கு வந்திருக்க." புட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"எங்கம்மாகிட்டயா?"

"ஆமா, உங்கம்மாகிட்டதான். எங்கம்மா போய்ப் பல வருஷம் ஆச்சு."

"இல்ல. சார்கிட்ட சொன்னேன். அவருக்கு முன்னாடியே தெரியுமாம்."

ஈரத்துணியின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுரண்டத் தொடங்கியது. "தெரிஞ்சிருக்கும். காலையில வந்து ஜன்னல் சட்டத்துல விரலை வெச்சுப் பாக்குற ஆளு அவரு." புட்டியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "ஏன் உங்கம்மாகிட்டயே நான் சொல்லலன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"இரக்கம்னு நினைச்சுக்காத. பெத்தவகிட்ட போய் உன் பொண்ணு பொய்க்காரின்னா எவ நம்புவா? அதான் சிரிச்சுட்டு வந்தேன். தாளும் பேனாவும் வெச்சிருக்கியா?"

இருந்தது. படியிலேயே அமர்ந்து எழுதினாள். 'நாங்கள் தவறுதலாக' என்று தொடங்கியதை வாசித்துக் காட்டியபோது, ஈரத்துணி தலையை ஆட்டினாள்.

"அடிச்சுடு. தவறுதலா யாராவது சுவத்துல ஷூவால நடப்பாங்களா?"

அடித்தாள். 'விளையாட்டாக' என்று எழுதினாள்.

"அதையும் அடி. விளையாட்டுல நான் தோத்தேனா? பரிசுக்காக வேணும்னே குப்பையைக் கொட்டினோம்னு எழுது. கேட்டப்ப நான் பொய் சொன்னேன்னு எழுது. நாங்க இல்ல, நான். அங்க நின்னது நீ ஒருத்திதான்."

எழுதி முடித்ததும் ஈரத்துணி எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள். தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். "இதை நான் கொண்டுபோனா நானே எழுதினதுன்னுவாங்க. நீ வா. வாயால வாசி."

அவள் முன்னே நடந்தாள்; பெண் பின்னால் நடந்தாள். வங்கியில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, காவலாளி எழுத்தரைக் கூப்பிட்டான். முன்வரிசை முணுமுணுத்தாள்.

"சத்தமா" என்றாள் ஈரத்துணி.

சத்தமாக வாசித்தாள். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி, "பாவம்தான். ஆனா ஆள் எடுத்தாச்சும்மா" என்றார். யாரைப் பாவம் என்றார் என்பது விளங்கவில்லை. விடுதி முதலாளிக்கு அது பொழுதுபோக்காக அமைந்தது. சமையல்காரரையும் அறைப் பையன்களையும் அழைத்து வந்து நிறுத்தி, "இன்னொரு தடவை வாசி பாப்பா, இவங்க கேக்கல" என்றார். அவள் ஈரத்துணியைத் திரும்பிப் பார்த்தாள். ஈரத்துணி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். அங்கேயும் இடம் நிரம்பிவிட்டிருந்தது.

"அடுத்தது எங்கன்னு தெரியுமில்ல?" என்றாள் ஈரத்துணி வாசலில்.

"தெரியும்."

"திரும்பிப் போறதா இருந்தா இப்பவே போயிடு. அங்க வந்து நாக்கை மடிச்சேன்னா, இதுவரைக்கும் பண்ணினதைவிட அது பெரிய அநியாயம்."

மருத்துவமனையின் முதல் மாடியில், வார்டுக்கு வெளியே அம்மாவின் மேசை. இரண்டு தாதியரும் சலவைத் துணி எண்ணுகிறவரும் அருகே நின்று கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். மகளைப் பார்த்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் சுருங்கியது.

"என்ன? இவளோட நீ எதுக்கு வந்த?"

முன்வரிசை தாளை விரித்தாள். யாரும் சத்தமா என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை. பரிசுக்காக வேண்டுமென்றே குப்பையைக் கொட்டியதை வாசித்தாள். தலைமையாசிரியர் கேட்டபோது தான் பொய் சொன்னதை வாசித்தாள். வேலை போனவள் முந்தின நாளே அறையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள் என்பதை வாசித்தாள். தாதியரில் ஒருத்தி தரையைப் பார்த்தாள். சலவைக்காரர் எண்ணிக்கையை மறந்து முதலிலிருந்து எண்ணினார்.

அம்மா கதவைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போ. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு ஈரத்துணியிடம், மேசை விளிம்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "இந்தாம்மா, நடந்தது நடந்துபோச்சு. ஆனா இடம் நிரம்பிடுச்சு. நேத்தே ரெண்டு பேரை எடுத்தாச்சு."

ஈரத்துணி தலையசைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுக்கு அது பழகிய வாக்கியம்.

"இல்லம்மா" என்றாள் மகள்.

"என்ன இல்ல?"

"இன்னும் எடுக்கல. ரெண்டு இடமும் அப்படியே கிடக்குன்னு காலையில நீதானே சொன்ன."

தாதி ஒருத்தி இருமினாள். அம்மாவின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்தது. ஒரு கணம் அடிக்கக் கை ஓங்கிவிடுவாள் போலிருந்தது. அந்தக் கை இழுப்பறைக்குப் போய், ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தது.

கேள்விகளைக் கேட்டு அம்மாவே நிரப்பினாள். வயது. முகவரி. முன் அனுபவம்: பள்ளியில் பதினோரு ஆண்டு. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. 'முந்தைய பணியிலிருந்து விலகிய காரணம்.'

"குடும்பச் சூழல்னு போட்டுக்கிறேன்" என்றாள் அம்மா. "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"என் குடும்பத்துல ஒரு சூழலும் இல்லைங்க மேடம்" என்றாள் ஈரத்துணி. குரல் உயரவில்லை. "உங்க பொண்ணு எழுதட்டும்."

பேனா அம்மாவின் விரல்களுக்கு நடுவில் சற்று நேரம் இருந்தது. பிறகு மேசையின் மறுபக்கம் உருண்டு வந்தது. முன்வரிசை குனிந்து, அந்தச் சிறிய கட்டத்துக்குள் அடங்குமாறு எழுத்துகளைச் சுருக்கி எழுதினாள்: 'இவர்மேல் நான் சொன்ன பொய்யால் நீக்கப்பட்டார்.' கீழே தன் பெயரை எழுதினாள். தாளைத் திருப்பி அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டிய இடம் அதற்கு அடுத்த வரி. அம்மா அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டாள்.

"எப்ப வர முடியும்?" என்று விண்ணப்பத்திடம் கேட்டாள்.

"இப்பவே" என்றாள் ஈரத்துணி. "துடைப்பம் எங்க இருக்கு?"